ஸ்டுட்கார்ட்டில் பகல் முழுவதும் தனிமை: ஒரு வாசகியின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: என் வயது 32. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தேன். கணவர் மென்பொருள் பொறியாளர். அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததால், கடந்த செப்டம்பரில் நான்கு வயது மகளுடன் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு சிறு நகருக்கு வந்து சேர்ந்தோம். மகள் மதியம் வரை மழலையர் பள்ளியில் இருக்கிறாள். கடை, வங்கி, கடிதம் எல்லாவற்றையும் கணவரே பார்த்துக்கொள்கிறார். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. எங்கள் கட்டடத்தில் யாரும் பேசுவதில்லை. சென்ற மாதம் யாரோ எங்கள் கதவில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள்: படிக்கட்டைச் சுத்தம் செய்யவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மிக்ஸி ஓடுகிறது என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து படியிறங்கவே கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் நாளெல்லாம் போனில் பேசுகிறேன். ஆனால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். ஊரில் எல்லாரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். நான்தான் நன்றி இல்லாதவளா? மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் நன்றி இல்லாதவர் அல்லர். ஜெர்மனிக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு ஆலோசனை கூறும் பணியில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை, குறிப்பாகக் கணவரின் வேலைக்காக வந்த படித்த பெண்களிடமிருந்து, அடிக்கடி கேட்டு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அழுகையோ துண்டுச்சீட்டோ அல்ல. கணவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்ற வரிதான். ஈரோட்டில் முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் கட்டி ஆண்ட நீங்கள், இப்போது ஒரு கடிதத்தைக்கூடத் திறக்க வேண்டிய தேவை இல்லாதவராக இருக்கிறீர்கள். அவர் அன்பினால்தான் செய்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு, இந்த ஊரில் காலூன்றுவதற்கு உங்களுக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டது என்று கருதுகிறேன். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் அந்தத் துண்டுச்சீட்டை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்களைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பது அதுதான்.

நீங்கள் இருக்கும் பகுதி ஸ்வாபியா. அங்கே கேர்வோகே என்றொரு வழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. கட்டடத்தில் குடியிருப்பவர்கள் முறைவைத்து, தம் வீட்டு வாசலையும் அதிலிருந்து கீழே இறங்கும் படிகளையும் பெருக்கித் துடைக்க வேண்டும். சில கட்டடங்களில் நிலவறை, முன்வாசல், நடைபாதை ஆகியவையும் இதில் சேரும். யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறு பலகையை மாட்டிவிடுவார்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்திலோ அதனுடன் இணைந்த வீட்டு விதிகளிலோ இது எழுதப்பட்டிருக்கும். பனிக்காலத்தில் வாசலில் விழும் பனியைத் தள்ளும் பொறுப்பும் பல வீடுகளில் முறைவைத்தே வரும். யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழும் என்பதால், உங்கள் கட்டடத்தில் என்ன ஏற்பாடு என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள். இது உங்களுக்கு யாரும் சொல்லித் தராத வேலை. செய்யாமல் விட்டதில் உங்கள் குணத்தைக் குறை காண ஒன்றுமில்லை.

மிக்ஸி விஷயமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகப் பாதுகாக்கும் விதி ஜெர்மன் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இந்நாட்டின் முந்தைய அரசியல் சட்டமான, 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்திலிருந்து அப்படியே எடுத்துச் சேர்க்கப்பட்டது அது. கடைகள் மூடியிருப்பதும், சுவரில் துளை போடக் கூடாது என்பதும், கண்ணாடிக் குப்பிகளை அன்று தொட்டியில் போடக் கூடாது என்பதும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும் அமைதி நேரம். சட்னிக்கு இரண்டு நிமிடம் அரைப்பது குற்றம் ஆகாது. இருந்தாலும் நம் மிக்ஸி எழுப்பும் ஒலி இங்குள்ள கருவிகளைவிட மிக அதிகம். பழைய கட்டடங்களில் மரத் தளம் வழியாக அது கீழ்வீட்டுக் கூரையில் அதிரும். மாவையும் மசாலாவையும் சனிக்கிழமை பகலில் அரைத்துவையுங்கள், மிக்ஸிக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள். அதோடு அந்தப் பிரச்சினை தீரும்.

சீட்டு எழுதியவர் உங்களை வெறுக்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் சீட்டு ஒட்டுவது பெரும்பாலும் நேருக்கு நேர் முகம் சுளிப்பதைத் தவிர்க்கும் வழி. உங்கள் தோலின் நிறத்துக்காக யாரும் எப்போதும் உங்களை அவமதிக்க மாட்டார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன்; அத்தகைய அனுபவங்களும் இங்கே நேர்கின்றன. ஆனால் நீங்கள் எழுதியுள்ள சொற்களில் அதற்கான தடயம் எனக்குத் தெரியவில்லை. மேலும், நம் ஊரில் புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் முதலில் வந்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். இங்கே அது தலைகீழ்: குடிவந்தவர்தான் ஒவ்வொரு வீட்டு மணியையும் அழுத்தித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் அவர்களுக்காகக் காத்திருந்த மாதங்களில், அவர்கள் உங்களுக்காகக் காத்திருந்திருக்கலாம். வரும் சனிக்கிழமை மாலை மூன்று நான்கு மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு கீழ்வீட்டு மணியை அழுத்துங்கள். "கூட்டன் டாக், வியர் ஸிண்ட் டீ நொய்யன் நாஹ்பார்ன்", அதாவது வணக்கம், நாங்கள் புதிதாக வந்த அயல்வீட்டார் என்று சொன்னால் போதும். பிறகு பெயரைச் சொல்லி, கேர்வோகே எப்படிச் செய்வது என்று காட்டித் தரும்படி கேளுங்கள். உள்ளே அழைக்காவிட்டால் வருந்தாதீர்கள். வாசலிலேயே நின்று பேசி அனுப்புவது இங்கு மரியாதைக் குறைவு அல்ல. கணவரை அனுப்பாமல் நீங்களே போக வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இனி முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இன்று மாலை கீழே இறங்கி உங்கள் தபால் பெட்டியைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஜெர்மன் முகவரியில் கட்டடத்தின் எண் இருக்கும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்குமான தனி எண் பொதுவாக இருக்காது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியுள்ள குடும்பப் பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுவார். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் உங்கள் பெயருக்குப் பின் உங்கள் தந்தையின் பெயர் இருக்கும், கணவருக்கு அவருடைய தந்தையின் பெயர், மகளுக்கு உங்கள் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். கணவர் பெயர் மட்டும் பெட்டியில் இருந்தால், உங்கள் பெயருக்கு வரும் காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி எண், வதிவிட அனுமதி தொடர்பான கடிதம் ஆகியவை திரும்பிப் போகக் கூடும். தமிழ்க் குடும்பங்களில் நடைமுறையில் அடிக்கடி ஏற்படும் சிக்கல் இது. மூன்று பெயர்களையும் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். அந்த வேலையை நீங்களே செய்யுங்கள்.

அடுத்து, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு தொடங்கும் உரிமை உண்டு. சம்பளம் இல்லை என்பது தடையாகாது. மகளுக்கு வரும் குழந்தை உதவித்தொகை, 2025ஆம் ஆண்டில் மாதம் 255 யூரோ, அந்தக் கணக்குக்கே வரும்படி நீங்கள் இருவரும் முடிவு செய்யலாம். இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்கு மட்டுமே பின்தேதியிட்டுத் தருவார்கள். பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு செலவுக்கும் கணவரின் அட்டையை வாங்கிச் செல்லும் பெண் கடைக்குப் போவதையே குறைத்துக்கொள்கிறாள் என்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

கடிதங்களையும் கைமாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மழலையர் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகள் முதலில் உங்கள் பொறுப்பாகட்டும். அவை எளிய மொழியில் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலி போதும், சந்தேகம் வந்தால் மறுநாள் காலை ஆசிரியையிடமே கேட்டுவிடலாம். பிறகு மருத்துவர் நேரம் வாங்குவது. பிறகு ஒளிபரப்புக் கட்டணம் போன்றவை: தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வரும் அந்தக் கடிதத்தை ஏமாற்று வேலை என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. இந்த நாட்டில் அரசும் காப்பீடும் பள்ளியும் இன்னும் காகிதத்தில்தான் பேசுகின்றன. அந்தக் காகிதங்களைப் படிக்கிறவருக்குத்தான் ஊர் புரியும். இதுவரை உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அது புரிந்துகொண்டிருக்கிறது.

உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்று நம்பி அவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, உங்கள் மனைவி ஒரு படிவத்தைத் தவறாக நிரப்பினால் நிரப்பட்டும், திருத்திக்கொள்ளலாம். நீங்கள் பத்து நிமிடத்தில் முடிப்பதை அவர் ஒரு மணி நேரம் செய்தாலும் குறுக்கிடாதீர்கள். உங்களுக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும் ஒரு சமூகம் கிடைத்திருக்கிறது, அவருக்கு இல்லை. மாலையில் அவர் பேசத் தொடங்கும்போது தீர்வு சொல்லாமல் முதலில் கேளுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து செயலியில் படிப்பது உங்கள் நிலைக்குப் போதாது. நாள்தோறும் ஒரே அறையில் ஒரே மனிதர்களோடு உட்கார வேண்டும். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 பாட வேளைகள் மொழிக்கும் 100 பாட வேளைகள் நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் பற்றிய அறிமுகத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இலக்கு பி1, அதாவது அன்றாடப் பேச்சைத் தாமே சமாளிக்கும் இடைநிலை. கணவரோடு சேர்ந்து வாழ்வதற்காக குறைந்தது ஓராண்டுக்கான அனுமதி பெற்று வந்தவர்களுக்குப் பொதுவாக இதில் சேரும் உரிமை உண்டு, ஆனால் அனுமதி கிடைத்த ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டும். செப்டம்பரில் வந்த உங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வதிவிட அட்டை தந்த அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். மகள் பள்ளியில் இருக்கும் முற்பகலில் நடக்கும் வகுப்பாகப் பாருங்கள். அது கிடைக்கத் தாமதமானால், ஊர் தோறும் இருக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்ற மக்கள் கல்வி நிலையத்தில் கட்டணம் குறைந்த வகுப்புகள் உண்டு. வகுப்பில் கற்கும் ஜெர்மனும் கீழ்வீட்டு அம்மையார் பேசும் ஸ்வாபிய வழக்கும் வெவ்வேறாகத் தோன்றும். மற்ற மாநிலங்களிலிருந்து வந்த ஜெர்மானியர்களே அதைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள், எனவே உங்கள் காதின் மீது பழி போடாதீர்கள்.

தோழிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் குறை இருக்கிறது. ஈரோட்டில் நீங்கள் யாரையும் தேடிப் போனதில்லை. பால் வாங்கும்போதும், பேருந்து நிறுத்தத்திலும், ஆசிரியர் அறையிலும் மனிதர்கள் தாமாகவே எதிர்ப்பட்டார்கள். ஜெர்மானியர்களின் நட்பு பெரும்பாலும் கிழமையும் மணியும் குறித்த ஒரு செயலைச் சுற்றி வளர்கிறது: பாடகர் குழு, தோட்டக் குழு, உடற்பயிற்சிச் சங்கம். உங்கள் பகுதியில் டுர்ன்ஃபெரைன் எனப்படும் உடற்பயிற்சிச் சங்கம் இல்லாத ஊர் அரிது; குழந்தைகளுக்கான வகுப்பும் பெரும்பாலும் இருக்கும், ஆண்டுக் கட்டணமும் பெரிதாக இராது. மகளை அதில் சேர்த்து வாரந்தோறும் பெற்றோர் அமரும் அதே இருக்கையில் உட்காருங்கள். முதல் இரண்டு மாதம் தலையசைப்போடு நிற்கும். மூன்றாவது மாதம் யாராவது பேசுவார்கள். நம் கணக்குக்கு இது மிக மெதுவானது. ஆனால் இங்கே அப்படி உண்டாகும் பழக்கம் எளிதில் விட்டுப்போவதில்லை.

தமிழர்களையும் தேடுங்கள். 1980களில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இந்நாட்டின் பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை உருவாக்கி இன்றுவரை நடத்தி வருகிறார்கள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் எழுப்பியதே. மென்பொருள் வேலைக்காக வந்த நம் குடும்பங்களில் பலர் அவர்களோடு பழகாமலே இருந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஒரு சொல்கூடத் தெரியாமல், நாடு திரும்பும் வழியும் இல்லாமல், இந்தக் குளிரில் வாழ்க்கையைத் தொடங்கிய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார், கறிவேப்பிலை எந்தக் கடையில் எந்தக் கிழமை வரும் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். ஆசிரியை தேடும் தமிழ்ப் பள்ளி உங்கள் அருகில் இருந்தால், உங்களுக்கு அங்கே ஓர் இடமும் இருக்கக் கூடும்.

அழுகையைப் பற்றி. டிசம்பர் இறுதியில் ஸ்டுட்கார்ட்டில் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே எழுந்து மாலை நாலரைக்கு மறைகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை இந்நாட்டு வெயில் உடலில் வைட்டமின் டி உண்டாகப் போதாது. கருமையான தோலுக்கு வெயில் இன்னும் அதிகம் தேவை. மகளைப் பள்ளியில் விட்டதும் வீடு திரும்பாமல் அரை மணி நேரம் வெளியிலேயே நடங்கள். மேகமூட்டமான பகலின் ஒளிகூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வலிமையானது. குடும்ப மருத்துவரிடம் சென்று தைராய்டு, இரும்புச்சத்து, வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். கணவர் சட்டமுறைப் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் வருமானம் இல்லாத மனைவியும் குழந்தையும் கூடுதல் கட்டணமின்றி அதில் சேர்க்கப்படுவார்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமில்லாமை, நாளின் பெரும்பகுதியில் கனத்த மனம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேண்டும். உளவியல் சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்கும். காத்திருப்பு நீளும் என்பதால் முதற்கட்ட ஆலோசனைக்கான நேரத்தை 116117 என்ற எண்ணில் கேட்டுப் பெறுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் கணவரிடம் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள். அதை மறைக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

அம்மாவுடன் நாளெல்லாம் பேசுவதைக் குறைக்கச் சொல்வது எனக்கு எளிதல்ல, ஆனாலும் சொல்கிறேன். குளிர்காலத்தில் ஈரோட்டுக்கும் உங்களுக்கும் நாலரை மணி நேர வேறுபாடு. காலை எழுந்ததும் அங்கே மதியச் சமையல், உங்களுக்கு மதியம் ஆகும்போது அங்கே விளக்கு வைக்கும் நேரம் என்று நீங்கள் ஈரோட்டு நாளைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். மகள் வீடு திரும்பிய பின் ஒரு மணி நேரம், அவளும் பாட்டியுடன் பேசும்படி, அழைப்பை வைத்துக்கொள்ளுங்கள். முற்பகலை இந்த ஊருக்குக் கொடுங்கள். அம்மாவிடம் உண்மையையும் சொல்லுங்கள். "கஷ்டமாக இருக்கிறது, பழகிக்கொண்டு வருகிறேன்" என்று கேட்பதை அவர் தாங்குவார். உங்கள் குரல் மாறியிருப்பது அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் அனுமதி அட்டையில் வேலை செய்ய அனுமதி உண்டு என்ற குறிப்பு இருக்கும், பாருங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் பணி இங்கே மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது, பொதுவாக இரண்டு பாடங்களில் தகுதியும் உயர்நிலை ஜெர்மனும் கேட்பார்கள். ஆகவே அது சில ஆண்டுகள் பிடிக்கும் பாதை. அதற்குள் பட்டச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து மதிப்பீட்டுக்கு அனுப்புவதும், பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருவதும் நடக்கட்டும். எண்களுக்கு அதிக மொழி தேவையில்லை.

ஊர் திரும்புவதா என்ற கேள்விக்கு, திரும்பக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அதுவே சரியான முடிவு, அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் அந்த முடிவை ஜனவரியில் எடுக்காதீர்கள். ஜூன் மாதத்தில் இதே வீட்டில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், மகள் ஜெர்மனில் சண்டை போடக் கற்றிருப்பாள், உங்கள் வகுப்பும் தொடங்கியிருக்கும். கோடை முடியும்போது இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பெயர் ஒட்டிய பெட்டி, சொந்தக் கணக்கு, வாரம் இரண்டு நாளாவது வெளியே ஒரு நிலையான இடம் ஆகிய மூன்றும் அமைந்த பிறகும் மனம் ஊரையே நாடினால், அப்போது அந்த விருப்பத்தை முழு மதிப்போடு எடுத்துக்கொள்ளலாம். இடையில் சில மாதங்கள் ஈரோட்டில் தங்கிவர நினைத்தால் அதற்கும் வழி உண்டு: கணவர் ப்ளூ கார்டில், அதாவது உயர்தகுதி பெற்ற பணியாளர்களுக்கான வதிவிட அனுமதியில் இருந்தால், அவர் குடும்பத்தினர் 12 மாதங்கள் வரை வெளிநாட்டில் இருந்தாலும் அனுமதி காலாவதியாகாது, வேறு அனுமதி என்றால் பொதுவாக ஆறு மாதமே. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் அட்டையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து, அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் கடிதத்தையும் நீங்களே எழுதுங்கள்.